வாரிசு

மாமா இறந்த பிறகு வாரிசுச் சான்றிதழ் வாங்க வேண்டி, அத்தையோடு கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்கப் போனேன். மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம். "வாரிசு யார் யாரும்மா?" என்றார். "வாரிசு ஏதுங்க, ரெண்டும் பொண்ணாப் போச்சு" என்றார் அத்தை. அலுவலர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே போனார்: மனைவி, மகள், மகள், தாய். வாரிசே இல்லாத மனிதருக்கு நாலு வாரிசு.

இரண்டு பேரும் சொன்னது ஒரே சொல்தான். ஊர்ப் பேச்சில் வாரிசு என்றால் கொள்ளி போட ஓர் ஆண்பிள்ளை. சட்டத்தில், இறந்தவரின் சொத்துக்கு உரியவர். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகன், மகள், மனைவி, தாய் எல்லாருமே முதல் வகுப்பு வாரிசுகள். தகப்பனாருக்குத்தான் இரண்டாம் வகுப்பு! பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு என்று தமிழ்நாடு 1989இலேயே சட்டம் செய்தது (அதற்கு முன் கல்யாணமானவர்களுக்கு அப்போது அது கிடைக்கவில்லை). மத்திய அரசு அந்த இடத்துக்கு வர 2005 ஆயிற்று.

சொல்லின் வேரும் சட்டத்தின் பக்கம்தான் நிற்கிறது. அரபியில் 'வாரிஸ்' என்றால் சொத்துரிமை பெறுபவர். மகன் என்ற பொருள் அதற்கில்லை. பாரசீகம், உருது வழியாக நம்மிடம் வந்தது. அதே வேரில் பிறந்த இன்னொரு சொல் 'மீராஸ்', பரம்பரைச் சொத்து. அதுதான் நம் மிராசு. தஞ்சாவூர்ப் பக்கத்து மிராசுதாரும் அவர் வாரிசும் சொல்லளவிலும் ரத்த சொந்தம். மிராசுக்குத் தமிழில் காணியாட்சி என்ற பழைய பெயர் உண்டு. சோழர் கல்வெட்டுகளில் காணி சர்வ சாதாரணம். ஒரு கிராமம் முழுக்க ஒரே மிராசுதாருடையது என்றால் அது ஏகபோக கிராமம். இன்று வியாபாரத்தில் நாம் சொல்லும் ஏகபோகத்துக்கு இப்படி ஒரு வயல்வாசனையும் இருக்கிறது.

சரி, ஊர்ப் பேச்சில் உள்ள பொருள் இப்போது ஏன் இடிக்கிறது? கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டுக்கு ஐந்தாறு பிள்ளை இருந்த காலத்தில் ஒன்றாவது பையனாக அமைந்துவிடும். இரண்டோடு நிறுத்தினால் ஏறக்குறைய நாலில் ஒரு வீட்டில் இரண்டும் பெண்தான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் சராசரி, ஒரு பெண்ணுக்கு 1.8 குழந்தை, மக்கள்தொகை குறையாமலிருக்க 2.1 வேண்டும். 2001-2011இல் மாநில மக்கள்தொகை 15.6 சதவீதம் கூடியது. பக்கத்துத் தஞ்சாவூர் மாவட்டத்தில் கூடியது 8.6 சதவீதம்தான். பிறப்பும் குறைவு, பிறந்தவர்கள் ஊரில் தங்குவதும் குறைவு. அத்தையின் பெண்களில் ஒருத்தி வேளச்சேரியில், இன்னொருத்தி சிங்கப்பூரில். நிலம் குத்தகையில். முற்றம் வைத்த வீட்டில் அடுப்படியும் ஓர் அறையும் மட்டும் புழக்கத்தில் இருக்கின்றன.

இனி, வாரிசுக்கு ஈடான தமிழ்ச்சொல். வழித்தோன்றல், பிறங்கடை என்று அகராதிகள் தரும். அழகான சொற்கள், ஆனால் இரண்டும் வம்சத்தில் பின்னால் வருபவரைக் குறிப்பவை. மாமாவுக்கு அத்தை வாரிசு; அவர் வழித்தோன்றல் ஆவாரா? மாமாவின் தாய் தன் மகனுக்கே வழித்தோன்றலா? வள்ளுவர் வைத்த சொல் எச்சம். 'தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப்படும்' என்பதற்குப் பரிமேலழகர் நன்மக்கள் என்றே உரை சொல்கிறார். இன்று எச்சம் என்றால் காக்கைதான் ஞாபகத்துக்கு வரும், விட்டுவிடலாம். யாழ்ப்பாணத்தில் பூர்வீகச் சொத்துக்கு முதுசொம் என்பார்கள். அது சொத்தின் பெயர், ஆளின் பெயரல்ல. எனக்குப் பொருந்தி வருவது மரபுரிமையர். மனைவி, மகள், தாய் எல்லாரும் அதற்குள் அடங்குவார்கள். ரத்த வழியை மட்டும் சொல்ல வேண்டிய இடத்தில் வழித்தோன்றல் இருக்கட்டும்.

தாலுகா ஆபீஸுக்குப் போனால் மட்டும் வாரிசு என்றே கேளுங்கள். மரபுரிமையர் சான்றிதழ் என்று கேட்டுப் பார்த்தேன். "அது எந்த செக்ஷன் சார்?" என்றார்கள்.