பிளானை ஏற்றுவதற்கு முன் ஒரு கேபிளைச் செருகிப் பாருங்கள்

"300 பிளானுக்கு மாறி மூணு மாசம் ஆச்சு சார், 94-ஐத் தாண்டவே மாட்டேங்குது." இன்டர்நெட் இணைப்பைப் பார்க்க நேற்று போன வீட்டில் கேட்டது இது. 94 என்றதுமே காரணம் புரிந்துவிட்டது. ரவுட்டரைத் திருப்பிப் பார்த்தேன். பின்னால் கேபிள் செருகும் போர்ட்கள் அத்தனையும் 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) வகை. அதில் ஆயிரம் எம்பிபிஎஸ் பிளான் போட்டாலும் 94, 95-க்கு மேல் ஏறாது. மூன்று மாதமாகக் கூடுதலாகக் கட்டிய பணம் வீண்தான். இந்த மாதத்தில் இப்படி நான்காவது வீடு. மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

ரவுட்டரில் ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) போர்ட் இருந்தும் கேபிளில் அதே 94 வருகிறதா? கேபிளைச் சந்தேகியுங்கள். உள்ளே எட்டுக் கம்பிகள். 100-க்கு நான்கே போதும். ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். மீதி நான்கில் ஒன்று கதவிடுக்கில் நசுங்கினாலும் பெரும்பாலும் இணைப்பு அறாது, வேகம் மட்டும் ஓசைப்படாமல் 100-க்கு இறங்கிவிடும்.

பிளான் என்பது உங்கள் வீட்டுக்குள் வந்து இறங்கும் வேகத்தின் உச்சவரம்பு, அவ்வளவுதான். அது படுக்கையறைக்குள் இருக்கும் போனுக்குத் தரும் வாக்குறுதி கிடையாது. நடுவில் போர்ட், கேபிள், இரண்டு சுவர், பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் இருக்கின்றன. இதில் எது குறுகலோ அதுதான் உங்கள் வேகம். குறுகலை அப்படியே விட்டுவிட்டுப் பிளானை ஏற்றினால் பில்தான் ஏறும்.

வைஃபையில் கோடுகள் முழுதாகத் தெரிந்தால் சிக்னல் பலமாக இருக்கிறது, சரி. வேகம் வேறு. வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டும். ஆனால் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே. அடுக்குமாடியில் எல்லா வீடும் அதில்தான் நெருக்கியடிக்கும். ரவுட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். தயவுசெய்து ரவுட்டரை இரும்பு அலமாரிக்குள் பூட்டாதீர்கள்.

அப்புறம், 100 எம்பிபிஎஸ்ஸில் டவுன்லோட் நொடிக்கு 12 மெகாபைட் என்று காட்டினால் அது சரியான வேகம். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட்.

இணைப்பு தரும் எங்கள் பக்கத் தவறும் உண்டு. ஒரே ஃபைபரை 32, 64 வீடுகளுக்குப் பிரித்துத் தருகிறோம். நெரிசல் அங்கே இருந்தால், கேபிளில் சோதித்தாலும் இரவில் மட்டும் வேகம் சரியும். லேப்டாப்பை ரவுட்டரில் நேராகச் செருகி, வைஃபையை அணைத்துவிட்டு, காலையில் ஒன்று, இரவு ஒன்பது மணிக்கு ஒன்று என்று மூன்று நாள் சோதித்து எண்களைக் குறித்து வையுங்கள். புகார் கொடுக்கும்போது அந்தத் தாளை நீட்டுங்கள். "ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்று சொல்லி எங்களால் உங்களை அனுப்ப முடியாது.