கோடையில் அளக்காத எர்த்தும் இரவில் பூட்டப்படும் கதவும்

ஒரு கட்டடத்துக்கு மின் இணைப்பும் தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்றும் கிடைக்கும் நாளில் அதன் கருவிகள் எல்லாம் புதியவை. அதன் பிறகு, தீ எச்சரிக்கை மணியும் எர்த் கம்பியும் அவசர வழிக் கதவும் ஆண்டுக்கணக்கில் ஒரு வேலையும் இல்லாமல் கிடக்கின்றன. பழுதானாலும் அன்றாட வேலை எதுவும் நிற்பதில்லை என்பதால், அவை பழுதானது யாருக்கும் தெரிவதில்லை. ஆண்டாய்வு என்ற பெயரில் நடப்பதும், பல இடங்களில், தீயணைப்பு சிலிண்டரில் தொங்கும் அட்டையில் தேதியை மாற்றி எழுதுவதோடு முடிந்துவிடுகிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் மண்டபங்களையும் பள்ளிகளையும் மாங்கூழ் ஆலைகளையும் சோதிக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் நான் வலியுறுத்துவது ஒன்றுதான்: ஒரு கருவி எந்தச் சூழ்நிலையில் திணறுமோ, அந்தச் சூழ்நிலையில் வைத்து அதைச் சோதிக்க வேண்டும்.

நம் பகுதியில் முதலில் பார்க்க வேண்டியது எர்த், அதாவது கசியும் மின்சாரத்தைக் குழி வழியாக மண்ணுக்குள் இறக்கும் இணைப்பு. இங்கே பல இடங்களில் சில அடி மண்ணுக்குக் கீழே பாறைதான். பங்குனி, சித்திரையில் அந்த மேல்மண்ணும் காய்ந்துவிட்டால் எர்த் குழியின் மின்தடை பலமடங்கு ஏறிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்த கையோடு அளந்தால் வரும் நல்ல எண்ணை நம்பி அடுத்த கோடையைக் கடத்துவது ஆபத்தானது. கணக்கு எளிது. தாழ்வழுத்த இணைப்புப் பெற்று, சொந்த எர்த்தை மட்டுமே நம்பியிருக்கும் ஒரு கட்டடத்தில் எர்த் மின்தடை 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம். மோட்டாரின் உள்ளே ஒயர் உரசி 230 வோல்ட் அதன் பாடியில் இறங்கினால், எர்த் வழியாக ஓடக்கூடியது அதிகபட்சம் 23 ஆம்பியர். அந்த மோட்டாருக்குப் போட்டிருக்கும் 32 ஆம்பியர் எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) இதைச் சாதாரண லோடு என்றே எடுத்துக்கொள்ளும், டிரிப் ஆகாது. தரையில் ஈரம் நிற்கும் கூழ் ஆலையில், தொட்டவர் உயிரைப் பறிக்கக்கூடிய மின்னழுத்தத்தோடு அந்த மோட்டார் நின்றுகொண்டிருக்கும்.

இதற்காகத்தான் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற சுவிட்ச் தேவைப்படுகிறது. அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அவ்வப்போது அழுத்திப் பார்ப்பது நல்ல பழக்கம். ஆனால் அந்தப் பட்டன், உள்ளிருக்கும் பொறி இன்னும் அசைகிறதா என்பதை மட்டுமே காட்டும். எர்த் ஒயர் அறுந்து கிடந்தாலும் பட்டன் வேலை செய்யும். ஆகவே எர்த்தைத் தனியாகத்தான் அளக்க வேண்டும். அளக்கும்போது குழியின் இணைப்பைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு குழியையும் தனித்தனியாக அளக்கச் சொல்லுங்கள். ஆய்வாளர் வருகிறார் என்று அன்று காலையில் குழிக்குக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி வைக்கும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கோடை முழுவதும் முறையாக ஊற்றினால் அது பராமரிப்பு. அளக்கும் நாளில் மட்டும் ஊற்றினால் ஆபத்தை மூடி மறைப்பதாகும்.

அடுத்தது லூஸ் கனெக்‌ஷன். முகூர்த்த நாட்களில் சீரியல் விளக்குக்காரர்கள் மண்டபத்தின் டி.பி.யை, அதாவது மின் இணைப்புகள் பிரியும் பெட்டியைத் திறந்து, நேரே நியூட்ரல் திருகில் ஒயரைச் செருகுவார்கள். விழா முடிந்ததும் அதை உருவிக்கொண்டு போவார்கள். திருகு பழைய இறுக்கத்துக்குத் திரும்பியதா என்று யாரும் பார்ப்பதில்லை. அந்தத் தளர்ந்த முனையில் சூடு ஏறி, ஒயரின் உறை முதலில் பழுப்பாகி, பிறகு கருகி உதிரும். கரண்ட் அளவுக்குள்ளேயே ஓடுவதால் எம்.சி.பி.க்கு இது தெரியாது. மும்முனை இணைப்பில் பொது நியூட்ரலே கழன்றுவிட்டால், ஒரு பேஸில் மின்னழுத்தம் 400 வோல்ட்டை நெருங்கி, விளக்கும் ஏ.சி.யும் எரிந்துபோகும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இதைச் சோதித்துப் பயனில்லை. ஏ.சி., சமையற்கூடம், மேடை விளக்குகள் அனைத்தும் ஓடும்போது வெப்பப்படக் கேமராவால் டி.பி.யைப் பார்த்தால், சூடான முனை தனியாகத் தெரிந்துவிடும்.

டெல்லி உப்கார் திரையரங்கில் 1997 ஜூன் 13 அன்று 59 பேர் இறந்த விபத்தின் தொடக்கமும் இப்படிப்பட்ட ஓர் இணைப்புதான். அன்று காலை பழுதான டிரான்ஸ்பார்மரைச் சரிசெய்தபோது கேபிள் முனை முறையாக இறுக்கப்படவில்லை. மாலையில் அது தளர்ந்து, தீப்பொறி பறந்து, எண்ணெயில் பிடித்த தீ கார் நிறுத்துமிடத்துக்குப் பரவியது. ஆனாலும் தீயைவிட, மேலே ஏறிய புகைதான் பால்கனியில் இருந்தவர்களைக் கொன்றது. அங்கிருந்து வெளியேறும் வழி ஒன்றைக் கூடுதல் இருக்கைகள் அடைத்திருந்தன.

அந்த வழியை நினைத்துத்தான் ஒவ்வொரு கட்டடத்திலும் பின்கதவை முதலில் தள்ளிப் பார்க்கிறேன். பந்தி நடக்கும் கூடத்தின் பின்கதவில் வெளிப்பக்கம் பூட்டுத் தொங்கும். சாவி வாட்ச்மேனிடம் இருக்கும். வாட்ச்மேன் முன்வாசலில் வண்டிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருப்பார். திருட்டுப் பயம் நியாயமானதே, அதைக் குறை சொல்லவில்லை. அதற்குத் தீர்வு, உள்ளிருந்து தள்ளினால் சாவியின்றித் திறக்கும் தாழும், திறந்தவுடன் ஒலிக்கும் மணியும்தான். கார்டு வைத்துத் திறக்கும் காந்தப் பூட்டு உள்ள அலுவலகங்களில், தீ எச்சரிக்கை மணி அடித்ததும் அந்தப் பூட்டு தானாக விடுபடுகிறதா என்று சோதிக்க வேண்டும். பாதுகாப்பு அமைப்பை ஒருவரும் தீ அமைப்பை இன்னொருவரும் பராமரிப்பதால், இரண்டும் சந்திக்கும் இந்த இடத்தை யாரும் சோதிப்பதில்லை.

தீ எச்சரிக்கை மணியை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியான பேனலின் பேட்டரியைச் சோதிக்க, மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாளை நான் பரிந்துரைப்பேன். சும்மா இருக்கும் பழைய பேட்டரி மீட்டரில் 12 வோல்ட்டுக்கு மேல் காட்டும். ஹூட்டர்களை (எச்சரிக்கை ஒலிப்பான்களை) ஒலிக்கவிட்டால் சில நிமிடங்களில் சரிந்துவிடும். ஜெனரேட்டரைச் சிறிது நேரம் நிறுத்தி வைத்து, பேட்டரியிலேயே மணியை அடித்துப் பாருங்கள். சி.சி.டி.வி.யில் ஓடும் படத்தைப் பார்த்துத் திருப்தி அடையாமல், இரண்டு வாரத்துக்கு முந்தைய ஓர் இரவின் பதிவைக் கேளுங்கள். பவுடர் சிலிண்டரில் முள் பச்சைக் கட்டத்தில் நின்றாலும் உள்ளே பவுடர் கட்டிப் போயிருக்கலாம். தலைகீழாகக் கவிழ்த்து அது இளகி ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் முள்ளே கிடையாது. எடைபோட்டுத்தான் அறிய முடியும். வாயுவின் எடை 10 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் நிரப்பியாக வேண்டும்.

ஆய்வு முடிந்து கையில் வரும் அறிக்கையில் ‘நன்று’, ‘சரி’ என்ற சொற்கள் மட்டும் இருந்தால் வாங்காதீர்கள். எந்தக் குழியில் எத்தனை ஓம், எந்த மாதத்தில் அளந்தது, எந்த லோடில் எந்த முனை எவ்வளவு சூடு, மின்சாரம் இல்லாமல் பேனல் எவ்வளவு நேரம் தாங்கியது என்று எண்கள் இருக்க வேண்டும். சென்ற ஆண்டின் எண்ணையும் பக்கத்திலேயே எழுதச் சொன்னால், 3 ஓமாக இருந்த குழி 8 ஓமுக்கு வந்திருப்பது உங்கள் கண்ணுக்கே தெரியும். மாங்கூழ் ஆலைகள் சீசன் தொடங்கி மோட்டார்கள் இரவு பகலாக ஓடுவதற்கு முன்பும், பள்ளிகள் கோடை விடுமுறை முடிந்து திறப்பதற்கு முன்பும் இதை முடித்துவிட வேண்டும். மண் மிகவும் காய்ந்திருக்கும் ஏப்ரல் மாதமே அதற்கு ஏற்ற காலம்.