கிளிஞ்சல் சுண்ணாம்பாகி மறுபடி கல்லாகும் கணக்கு

பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு தாளிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். பழைய பீப்பாயில் சுட்ட கிளிஞ்சலைக் கொட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. அப்புறம் ஒரு சீறல் கேட்கும், கிளிஞ்சல்கள் வெடித்துப் பொடியாகும், பீப்பாய் முழுக்கத் தளதளவென்று கொதிக்கும். அடியில் அடுப்பே இல்லை. (குனிந்து பார்க்க வேண்டாம்; கண்ணில் தெறித்தால் பார்வையே போய்விடும்.)

வயலில் இதற்கு நேர்மாறான ஒன்று நடக்கிறது. யூரியாவை வாளித் தண்ணீரில் கரைத்தால் வாளி சில்லிட்டுப்போகும். அங்கும் யாரும் எதையும் தூண்டவில்லை, யூரியா தானாகவே கரைகிறது. ஆனால் வெப்பத்தை வெளியே விடாமல், தண்ணீரிடமிருந்தே வாங்கிக்கொள்கிறது.

வெப்பத்தை வெளிவிடும் வினைதான் தானாக நடக்கும் என்று 19ஆம் நூற்றாண்டில் பிரான்சின் பெர்த்தலோ, டென்மார்க்கின் தாம்சன் போன்ற பெரிய வேதியியலாளர்களே நம்பினார்கள். சுண்ணாம்புப் பீப்பாய்க்கு அது பொருந்துகிறது, யூரியா வாளிக்குப் பொருந்தவில்லை. அப்படியானால் வெப்பத்தைத் தவிர இன்னொன்றும் கணக்கில் இருக்க வேண்டும். அதுதான் என்ட்ரோபி. 1865இல் ஜெர்மன் இயற்பியலாளர் கிளாசியஸ் அதற்கு அந்தப் பெயரை வைத்தார்.

என்ட்ரோபி என்றால் 'ஒழுங்கின்மை' என்று மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். அந்தச் சொல் பாதி வழியில் கைவிட்டுவிடும் என்பது என் எண்ணம். ஆஸ்திரிய இயற்பியலாளர் போல்ட்ஸ்மன் காட்டிய வழியில், 'எத்தனை விதமாக இருக்க முடியும்' என்று கேட்பதே நல்லது. யூரியாப் படிகத்துக்குள் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஓர் இடம்தான். கரைந்த பிறகு வாளியில் எங்கு வேண்டுமானாலும் திரியலாம். இருக்கக்கூடிய விதங்கள் பல மடங்கு பெருகுகின்றன, என்ட்ரோபி கூடுகிறது.

வெப்பம் ஒரு பக்கம், என்ட்ரோபி ஒரு பக்கம். இரண்டும் எதிரெதிராக இழுத்தால் எது ஜெயிக்கும்? 1870களில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த கிப்ஸ் இரண்டையும் ஒரே கணக்கில் கொண்டுவந்தார்:

கட்டிலா ஆற்றல் மாற்றம் = வெப்ப மாற்றம் − (வெப்பநிலை × என்ட்ரோபி மாற்றம்)

வினை வெப்பத்தை உறிஞ்சினால் வெப்ப மாற்றம் பிளஸ், வெளிவிட்டால் மைனஸ். வெப்பநிலையைக் கெல்வினில் (செல்சியஸோடு 273 கூட்டி) போட வேண்டும். விடை, அதாவது கட்டிலா ஆற்றல் (free energy) மாற்றம், மைனஸில் வந்தால் வினை முன்னோக்கிப் போகும். பிளஸ்ஸில் வந்தால் எதிர்த்திசையில்தான் போகும். பூஜ்யம் என்றால் சமநிலை. இதில் கவனிக்க வேண்டியது என்ட்ரோபியைப் பெருக்கி நிற்கும் வெப்பநிலை. சூடு ஏற ஏற என்ட்ரோபியின் கை ஓங்குகிறது.

இனி கிளிஞ்சல் சுடும் காளவாய்க்குப் போவோம். கிளிஞ்சல் என்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். சுடும்போது அது கார்பன் டை ஆக்சைடை விட்டுவிட்டுச் சுட்ட சுண்ணாம்பாக, அதாவது கால்சியம் ஆக்சைடாக மாறுகிறது. ஒரு மோல் (வேதியியலில் பொருளின் அளவை எண்ணும் அலகு; கார்பனேட்டுக்கு அது 100 கிராம்) சுத்தமான கார்பனேட்டைச் சுட்டால் மிஞ்சுவது 56 கிராம்தான். உள்ளங்கையில் அடங்கும் அந்த 100 கிராமிலிருந்து 44 கிராம் வாயுவாகிப் போகிறது. 900 டிகிரி சூட்டில் அந்த வாயு மட்டும் 90 லிட்டருக்கு மேல் இடம் பிடிக்கும். திண்மத்துக்குள் அடைபட்டிருந்தது இப்படிப் பரவும்போது என்ட்ரோபி ஏறத்தானே செய்யும்?

எண்களைப் போடுவோம். இந்த வினை உறிஞ்சும் வெப்பம் மோலுக்குச் சுமார் 178 கிலோஜூல். என்ட்ரோபி உயர்வு கெல்வினுக்குச் சுமார் 160 ஜூல். தேர்வில் மதிப்பெண் போவது இங்கேதான்: ஒன்று கிலோஜூல், மற்றது ஜூல். 160ஐ 1000ஆல் வகுத்து 0.16 ஆக்கிக்கொள்ள வேண்டும். அறை வெப்பநிலையான 298 கெல்வினில் 178 − 298 × 0.16, அதாவது சுமார் +130. கடற்கரையில் கிடக்கும் கிளிஞ்சல் எத்தனை காலமானாலும் தானாகச் சுண்ணாம்பாகாது. விடை எப்போது பூஜ்யமாகும்? 178ஐ 0.16ஆல் வகுத்தால் சுமார் 1110 கெல்வின், 840 டிகிரி செல்சியஸ் அளவு. வெப்பமும் என்ட்ரோபியும் சூட்டோடு சற்று மாறுவதால் உண்மையான எல்லை 900 டிகிரியை ஒட்டி வருகிறது.

அந்த எல்லையும், சுற்றிலும் ஒரு வளிமண்டல அழுத்தத்துக்குக் கார்பன் டை ஆக்சைடு நிறைந்திருந்தால்தான். வாயு வெளியேறிக்கொண்டே இருந்தால் இன்னும் குறைந்த சூட்டிலேயே வினை முன்னோக்கி நகரும். காளவாயில் காற்றோட்டம் எரிபொருளுக்கு மட்டும் உதவுவதில்லை, வந்த வாயுவை வெளியே அள்ளிக்கொண்டும் போகிறது.

சரி, பீப்பாய்க்குத் திரும்புவோம். சுட்ட சுண்ணாம்பும் தண்ணீரும் சேர்ந்து நீற்றுச் சுண்ணாம்பாகும்போது என்ட்ரோபி கெல்வினுக்குச் சுமார் 25 ஜூல் குறைகிறது. குறைந்தும் எப்படித் தானாகவே நடக்கிறது? மோலுக்குச் சுமார் 65 கிலோஜூல் வெப்பம் வெளியே போகிறதே! அது சுற்றுப்புறத்தில் பரவி, அங்கே என்ட்ரோபியைச் சுமார் 218 ஜூல் உயர்த்துகிறது. உள்ளே 25 நஷ்டம், வெளியே 218 லாபம். கிப்ஸின் சமன்பாட்டில் உள்ள 'வெப்ப மாற்றம்' உண்மையில் சுற்றுப்புறத்தின் என்ட்ரோபிக் கணக்குதான். இது புரிந்துவிட்டால் சமன்பாட்டை மனப்பாடம் செய்யவே தேவையில்லை.

சுவரில் பூசிய பிறகு நீற்றுச் சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கி மறுபடி கார்பனேட் ஆகிறது. இந்த வினைக்குக் கட்டிலா ஆற்றல் மாற்றம் மோலுக்குச் சுமார் −73 கிலோஜூல். நன்றாகவே மைனஸ். ஆனாலும் கனமான பூச்சு உள்வரை இறுக மாதங்கள், சில சமயம் ஆண்டுகள்கூட ஆகும். வாயு நுண்துளைகள் வழியே உள்ளே நுழைய வேண்டும், ஈரமும் வேண்டும். வினை எந்தப் பக்கம் போகும் என்பதைத்தான் கிப்ஸின் கணக்கு சொல்லும், எவ்வளவு வேகத்தில் போகும் என்பதைச் சொல்லாது.

தாளித்த சுண்ணாம்பை எடுத்துவைப்பவர்கள் மேலே தண்ணீர் நிற்கும்படி பானையில் வைப்பார்கள். மறுநாள் திறந்தால் தண்ணீரின் மேல் பாலாடை போல மெல்லிய வெள்ளை ஏடு மிதக்கும். காற்று தொட்ட இடம் மட்டும் கார்பனேட் ஆகியிருக்கும். விரலால் அதை விலக்கினால் அடியில் சுண்ணாம்பு இன்னும் வெண்ணெய் போலவே இருக்கும்.