ஐஸ் பெட்டி வழியே ஓடும் பீர் நுரையாகவே வருகிறதா?

வீட்டில் தயாரித்த பீரைக் கெக்கோடு (வாயு அழுத்தத்தில் பீரை வைத்திருக்கும் பீப்பாய்) குளிர்விக்க வசதியில்லாதவர்கள், ஐஸ் பெட்டிக்குள் எஃகுக் குழாய்ச் சுருளைப் பொருத்தி, ஊற்றும் நேரத்தில் பீர் அதன் வழியே ஓடிக் குளிர்ந்து வரும்படி செய்கிறார்கள். இத்தகைய கருவிகளைப் பழுது பார்க்கும் எனக்கு வரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: “ஐஸ் நிறையப் போட்டும் நுரைதான் வருகிறது.”

அப்படி அழைத்த ஒருவரின் பெட்டியைத் திறந்தபோது, விளிம்புவரை ஐஸ் இருந்தது. ஆனால் சுருளைத் தடவிப் பார்த்ததில், கட்டி ஒட்டிய இடங்கள் மட்டுமே சில்லென்று இருந்தன. கட்டிகளுக்கு நடுவே நிற்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. சுருள் முழுவதும் மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றிச் சற்று நேரம் பொறுத்த பிறகு, மூன்றாவது கோப்பை தெளிவாக வந்தது. சுருளுக்குப் பதிலாக, பீர் ஓடும் குழாய் உள்ளே பதிந்த அலுமினியக் குளிர்தட்டு வைத்திருப்பவர்கள் இதற்கு நேர்மாறாக, ஐஸைத் தட்டின்மேல் நேரடியாகப் பரப்பி, உருகிய நீரை வடித்துவிட வேண்டும்.

இதைவிடப் பெரிய தவறு அழுத்தத்தில் நடக்கிறது. சிலிண்டரிலிருந்து கெக்குக்குள் செல்லும் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைக் கோப்பையின் குளிர்ச்சிக்கு ஏற்ப வைக்கக் கூடாது, கெக்கின் வெப்பநிலைக்கு ஏற்பவே வைக்க வேண்டும். 4 டிகிரி செல்சியஸில் உள்ள கெக்குக்குச் சுமார் 12 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அழுத்த அளவு) போதும், அதே அளவு கார்பன் டை ஆக்சைடை 20 டிகிரியில் பீருக்குள் கரைந்த நிலையில் நிறுத்திவைக்க ஏறக்குறைய 28 பி.எஸ்.ஐ. தேவை. நுரையைக் கண்டு பயந்து அழுத்தத்தைக் குறைத்தால், வாயு வழியிலேயே பிரிந்து நுரை இன்னும் கூடும். ஓட்டத்தின் வேகத்தை மட்டுப்படுத்துவது நீளமான சுருளின் வேலை. அழுத்தம் கூடுகிறது என்பதால், தாங்கும் அளவு பொறிக்கப்படாத எந்தப் பாத்திரத்தையும் கெக்காகப் பயன்படுத்தாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். சிலிண்டரை நிமிர்த்திக் கட்டி, காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். கசியும் வாயு காற்றைவிடக் கனமானது, மூடிய அறையில் தரைமட்டத்தில் தேங்கி மூச்சடைக்கச் செய்யும்.

ஐஸில் உப்புச் சேர்க்க வேண்டாம். உப்புக் கலந்த ஐஸ் மைனஸ் 10 டிகிரிக்கும் கீழே செல்லக்கூடியது. வழக்கமான பீரோ மைனஸ் 2, 3 டிகிரியிலேயே உறையத் தொடங்கிச் சுருளை அடைத்துவிடும்.

வடிகட்டாத வீட்டு பீரில் ஈஸ்ட் இருப்பதால், கடைசிக் கோப்பை முடிந்த அன்றே சுருளைத் தண்ணீராலும், பிறகு பீர்க் குழாய்களுக்கான சுத்திகரிப்புத் திரவத்தாலும் கழுவி, மீண்டும் நல்ல தண்ணீர் விட்டு அலசி, உள்ளே ஈரம் தங்காதபடி வாயுவைச் செலுத்தி வெளியேற்றிய பிறகே எடுத்து வையுங்கள்.