தடவிக் கொடுக்கும் வேகம்

என் பெரியப்பாவுக்கு 76 வயது. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பெரியம்மாவின் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிடுவார். தேய்த்து முடித்ததும் எழுந்து போக மாட்டார். பெரியம்மாவின் கையை எடுத்து மடியில் வைத்து, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை மெதுவாகத் தடவிக்கொண்டே இருப்பார். "பேரன் பேத்தி எடுத்தாச்சு, இன்னும் என்ன?" என்று வீட்டில் ஒரு முணுமுணுப்பு உண்டு.

அந்தத் தடவலுக்கென்றே நம் தோலில் ஒரு வகை நரம்பு இருக்கிறது. சி-டாக்டைல் என்பார்கள். சட்டைப்பைக்குள் இருப்பது ஐந்து ரூபாய் நாணயமா, இரண்டா என்று விரல் நுனி தடவிச் சொல்கிறதே, அந்த நரம்புகள் மின்னல் வேகம். சி-டாக்டைல் ரொம்ப நிதானம். அதன் சேதி நொடிக்கு ஒரு மீட்டர் அளவில்தான் நகரும். முன்கை போல ரோமம் உள்ள தோலில் இருக்கும். உடல் சூட்டோடு ஒரு கை நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் வருடினால் நன்றாக விழித்துக்கொள்ளும். மூளையில் இன்சுலா என்ற பகுதிக்குச் சேதி போய், 'இதமாக இருக்கிறது' என்று பதியும்.

வயதானால் இதுவும் மங்கிவிடுமா? ஸ்வீடனில் 13 முதல் 82 வயது வரை உள்ளவர்களைத் தூரிகையால் வருடிப் பார்த்தார்கள். வயது ஏற ஏற, தொடுவது தெரியும் அளவு குறைந்தது. இதம் மட்டும் குறையவில்லை, கூடியிருந்தது!

காமமும் 60 வயதோடு முடிவதில்லை. 2007-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் 57 முதல் 85 வயது வரை 3,005 பேரிடம் கேட்டார்கள். 65–74 வயதினரில் 53 சதவீதம் பேருக்கு உடலுறவு இருந்தது. 75-ஐத் தாண்டியவர்களில் 26 சதவீதம். சிரமங்களும் உண்டு. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைந்து பிறப்புறுப்பு வறண்டு வலிக்கும். அதற்கு ஜெல், கிரீம் இருக்கின்றன. ஆணுறுப்பின் ரத்தக்குழாய் சுமார் 1–2 மில்லிமீட்டர், இதயத்தினுடையது 3–4. அடைப்பு மெல்லிய குழாயில்தான் முதலில் தெரியும். அதனால் விறைப்புக் குறைந்தால் வயசாகிவிட்டது என்று விட்டுவிடாமல் இதயத்தையும் பரிசோதிக்க வேண்டும். அதே ஆய்வில், 50 வயதுக்குப்பின் தாம்பத்திய உறவு பற்றி டாக்டரிடம் பேசியவர்கள் ஆண்களில் 38 சதவீதம், பெண்களில் 22 சதவீதம்தான்.

நம் வீடுகளில் அறுபதாம் கல்யாணத்துக்கு மாலை மாற்றச் சொல்லிக் கைதட்டுகிறோம். அப்புறம் அம்மா பேரக்குழந்தையோடு உள் அறையில், அப்பா ஹாலில். சில குடும்பங்களில் அப்பா மகன் வீட்டில், அம்மா வேறு ஊரில் மகள் வீட்டில். அவர்களை ஒரு வார்த்தை கேட்பதில்லை. எனக்கு இது கொடுமையாகவே படுகிறது.

பெரியம்மாவைச் சென்னைக்கு அழைத்துப் போகலாம் என்று ஒருமுறை பேச்சு வந்தது. அவர் கேட்டது ஒன்றுதான்: "அங்க எனக்குத் தைலம் யாரு தேய்ப்பா?"