பூஜ்ஜியம் நகர்ந்தால்: வீட்டில் செய்த ஆசிலோஸ்கோப்பின் மின்வழங்கலும் கிரவுண்டும்

மின்னழுத்த மாற்றத்தை அலைவடிவமாகத் திரையில் காட்டும் கருவியான ஆசிலோஸ்கோப்பைத் தாமே செய்து, அது சரியாகக் காட்டவில்லை என்று என்னிடம் கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் நிரலையோ திரையையோதான் சந்தேகிக்கிறார்கள். நானோ முதலில், மின்னழுத்தத்தை நிலையாக வைக்கும் ரெகுலேட்டரையும், பூஜ்ஜியமாகக் கொள்ளப்படும் பொதுப் புள்ளியான கிரவுண்டையும் பார்ப்பேன். அலைவடிவம் என்பது இரு புள்ளிகளுக்கு இடையிலான மின்னழுத்த வேறுபாடு. அவற்றுள் ஒன்றான கிரவுண்ட் அசைந்தால், அளவிடும் முனையான புரோப் தொடாத சிக்னலும் திரையில் தோன்றும்.

5 வோல்ட் தரும் 7805 ரெகுலேட்டரின் வெளியீடு 4.8 முதல் 5.2 வோல்ட் வரை எங்கிருந்தாலும் அது தரமான உறுப்புதான். ஆனால் அதையே, மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏடிசியின் ஒப்பீட்டு மின்னழுத்தமாகவும் வைத்துக்கொண்டால், அளவீடு ஒவ்வொன்றிலும் 4 சதவீதம் வரை பிழை ஏறிவிடும். மேலும், உள்ளீடு வெளியீட்டைவிட ஏறத்தாழ 2 வோல்ட் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதால், 9 வோல்ட் பேட்டரி 7 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதும் ஒழுங்குபடுத்தல் நின்றுவிடும். ஒப்பீட்டுக்குத் தனியாக டிஎல்431 போன்ற ஒப்பீட்டு மின்னழுத்தச் சிப் ஒன்றை வைப்பதே நல்லது.

எதிர்மின் வழங்கலுக்கு −5 வோல்ட் ரெகுலேட்டரான 7905 சேர்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 7805-இன் உலோக முதுகு கிரவுண்டோடு இணைந்தது. 7905-இன் முதுகோ உள்ளீட்டோடு இணைந்தது. மின்காப்புத் தகடான மைக்கா வைக்காமல் இரண்டையும், வெப்பத்தை வெளியேற்றும் ஒரே ஹீட் சிங்கில் திருகினால் எதிர்மின் வழி நேராகக் கிரவுண்டில் குறுக்காகிவிடும். தொடக்க காலத்தில் நானும் அப்படித் திருகி, இரண்டு டயோடுகளைக் கரியாக்கியிருக்கிறேன்.

கிரவுண்டிலும் மின்தடை உண்டு. திரையின் பின்விளக்கு இழுக்கும் 200 மில்லி ஆம்பியர், 0.05 ஓம் தடையுள்ள மெல்லிய தடத்தின் வழியே திரும்பினால் 10 மில்லி வோல்ட் எழும், 3.3 வோல்ட்டில் இயங்கும் 12 பிட் ஏடிசிக்கு அது ஏறக்குறைய 12 படிகள். ஆகவே திரையின் திரும்புவழியும் உள்ளீட்டுப் பகுதியின் திரும்புவழியும் மின்வழங்கலருகே ஒரே புள்ளியில் மட்டும் சந்திக்கட்டும்.

5 வோல்ட்டை நடுவில் பிரித்து 2.5 வோல்ட்டைக் கிரவுண்டாகக் கொள்ளும் முறை, பேட்டரியில் இயங்கும்வரை சிக்கலற்றது. யுஎஸ்பி வழியாக மேசைக் கணினியில் இணைத்ததும், கணினியின் கிரவுண்ட் எர்த்தோடு (பூமியோடு இணைந்த கம்பியோடு) சேர்ந்திருப்பதால், புரோப்பின் கிரவுண்ட் கிளிப் எர்த்துக்கு 2.5 வோல்ட் மேலே நிற்கும். எர்த் செய்யப்பட்ட வேறொரு சர்க்யூட்டில் அந்தக் கிளிப்பை மாட்டினால், நடுப்புள்ளியைத் தாங்கும் பெருக்கிச் சிப்பான ஆப்-ஆம்ப் குறுக்காகும்.

இவையெல்லாம் உறுப்புகளுக்கான இழப்பு. உயிருக்கான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. 230 வோல்ட் மின்சாரத்தை நேரடியாக டிசியாக்கும் அடாப்டரின் முதன்மைப் பகுதியில், பெரிய கெப்பாசிட்டரின் எதிர்முனை "கிரவுண்ட்" என்றே அழைக்கப்பட்டாலும், எர்த்தைப் பொறுத்தவரை அது மின்னேறிய முனை. எர்த்தான கிளிப்பை அங்கே மாட்டினால் பெரும் மின்னோட்டம் பாய்ந்து வெடிக்கும். அதைத் தவிர்க்க எர்த் முள்ளை வெட்டுவதோ பேட்டரிக்கு மாறுவதோ தீர்வாகாது: வெடிப்பு நிற்கும், ஆனால் ஆசிலோஸ்கோப்பின் உலோகப் பகுதிகள் அனைத்திலும் மின்சாரம் ஏறி, தொடும் கைக்காகக் காத்திருக்கும். இத்தகைய இடங்களில் அதற்கெனத் தயாரிக்கப்பட்ட, போதிய மின்னழுத்தத் தரமுள்ள, எந்தப் புள்ளியையும் எர்த்தோடு இணைக்காமல் இரு புள்ளிகளின் வேறுபாட்டை அளக்கும் டிஃபரன்ஷியல் புரோப்பே தேவை. வீட்டில் செய்த கருவியை அங்கே கொண்டுபோகவே கூடாது.

குறைந்த மின்னழுத்தச் சர்க்யூட்டுகளிலும், கிளிப்பை மாட்டுமுன் அதற்கும் மாட்டவிருக்கும் புள்ளிக்கும் இடையே மல்டிமீட்டரை ஏசியில் ஒருமுறையும் டிசியில் ஒருமுறையும் வைத்துப் பார்க்கிறேன். ஏதேனும் காட்டினால், காரணம் தெரியும்வரை மாட்டுவதில்லை.