ஆளுநர், செயலாளர், அமைச்சர்: ஒரு பதவிப் பயணத்தைச் சரியாகச் சொல்ல

"கான்சாஸ் ஆளுநர் கேத்லீன் செபீலியஸ், ஒபாமா அரசில் சுகாதாரச் செயலாளர் ஆனார்" என்று எழுதினால் அதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் அதைப் படிக்கும் தமிழருக்கு, கிண்டி ஆளுநர் மாளிகை போன்ற ஒன்றில் இருந்த நியமனப் பதவிக்காரர் ஒருவர், பிறகு தலைமைச் செயலகத்தில் கோப்பு பார்க்கும் ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இறங்கிப் போனார் என்றுதான் தோன்றும். 2009-இல் நடந்தது முற்றிலும் வேறு. மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஒரு மாநிலத் தலைவர், அமெரிக்க நடுவண் அரசின் அமைச்சரானார்.

கப்பலின் சுக்கானைப் பிடித்து வழிசெலுத்துவதைக் குறித்த 'குபெர்னான்' என்னும் கிரேக்க வினை, இலத்தீனில் 'குபெர்னாரே' ஆகி, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்து 'கவர்னர்' என்ற சொல்லைத் தந்தது. வேர்ப்பொருளை மட்டும் பார்த்தால் கவர்னர் என்பவர் நம் 'மீகாமன்'. தமிழில் நிலைபெற்ற 'ஆளுநர்' என்பதோ 'ஆள்' என்னும் வினையடியோடு 'நர்' விகுதி சேர்ந்து பிறந்தது. கடித உறையில் நாம் எழுதும் அனுப்புநர், பெறுநர், பேருந்தில் நாம் காணும் ஓட்டுநர், நடத்துநர் ஆகியவற்றிலும் இருப்பது இதே விகுதிதான். ஆகவே 'ஆளுனர்' என்று றன்னகரம் இட்டு எழுதுவது பிழை. நாளிதழ்களிலும் அது அடிக்கடி கண்ணில் படுவது வருத்தம் தருகிறது.

சொல் ஒன்றாக இருந்தும் பதவி இரண்டாகப் பிரிந்தது வரலாற்றால். பிரித்தானியப் பேரரசின் அமெரிக்கக் குடியேற்றங்களில் கவர்னர்களைப் பெரும்பாலும் மன்னரே அமர்த்தினார். 1776-இல் விடுதலையை அறிவித்த பின்னர் அம்மாநிலங்கள் பெயரை வைத்துக்கொண்டு நியமன முறையைக் கைவிட்டன. நாளடைவில் எல்லா மாநிலங்களிலும் மக்களே ஆளுநரைத் தேர்ந்தெடுத்தனர். இந்தியாவும் ஏறக்குறைய அந்த வழியில்தான் போகவிருந்தது. 1947-இல் அரசியல் நிர்ணய சபை, ஆளுநரை மக்கள் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றே முதலில் முடிவு செய்தது. 1949 மே மாதத்தில் அம்முடிவு மாற்றப்பட்டு, குடியரசுத் தலைவர் அமர்த்துபவர் ஆளுநர் என்பது 155-ஆம் உறுப்பாக அமைந்தது. 'ஆள்பவர்' என்ற சொற்பொருள் இன்று நம் ஆளுநரைவிட அமெரிக்க ஆளுநருக்கே அதிகம் பொருந்துகிறது.

அப்படியானால் அமெரிக்க ஆளுநரை 'முதலமைச்சர்' என்று எழுதலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது என்பதற்குச் செபீலியஸின் ஆட்சியே சான்று. எட்டு ஆண்டுகள் கான்சாஸின் காப்பீட்டு ஆணையராக இருந்து, 2002 தேர்தலில் வென்று 2003 சனவரியில் ஆளுநரான அவர் ஜனநாயகக் கட்சிக்காரர்; மாநிலச் சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் பெரும்பான்மை பெற்றிருந்ததோ குடியரசுக் கட்சி. நம் முறையில் அத்தகைய முதலமைச்சர் ஒரு வாரம்கூடப் பதவியில் நீடிக்க முடியாது. அவரோ 2006-இல் மீண்டும் வென்றார். 2008-இல், ஹோல்கம் என்னும் ஊரில் நிலக்கரி அனல்மின் நிலையங்கள் அமைக்க வழிசெய்யும் மசோதாவைச் சட்டமன்றம் நிறைவேற்றி அனுப்பியபோது, வீட்டோ அதிகாரத்தால் அதைத் தடுத்தார். அந்தத் தடையைச் சட்டமன்றத்தால் கடக்க முடியவில்லை. எனவே 'ஆளுநர்' என்றே எழுதி, முதல் இடத்தில் மட்டும் 'தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளுநர்' என்று அடைகொடுப்பது போதும்.

'செக்ரட்டரி' என்பதற்குத்தான் உண்மையான திருத்தம் தேவைப்படுகிறது. மறைபொருளைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த இது, முதலில் மன்னரின் அந்தரங்கங்களை அறிந்து ஓலை எழுதியவரைக் குறித்தது. இங்கிலாந்தில் அப்பதவி வளர்ந்து அமைச்சர் பதவியாயிற்று. அமெரிக்கர்கள் துறைத் தலைவர்களுக்கு அப்பெயரையே இட்டனர். சோழர் கல்வெட்டுகளில் வரும் 'திருமந்திர ஓலை' என்னும் அலுவலர் இதற்கு மிக நெருங்கிய உறவினர். அங்கே மந்திரம் என்பது மறைவாகச் செய்யும் ஆலோசனை. அந்த ஆலோசனையில் அமர்பவரே மந்திரி. வேர்ப்பொருளை வைத்துப் பார்த்தால் 'செக்ரட்டரி'க்கு நேரான சொல் மந்திரி என்றே ஆகிறது! வள்ளுவரும் 'அமைச்சு' என்று தலைப்பிட்ட அதிகாரத்திலேயே 'மந்திரி' என்ற சொல்லையும் ஆண்டிருக்கிறார். முன்பு நாம் வழங்கிய 'காரியதரிசி'யும் இன்று வழங்கும் 'செயலாளர்'உம், அமைச்சருக்குக் கீழே பணிபுரியும் அதிகாரிக்கும் சங்கத்து நிர்வாகிக்கும் உரியவை. நடுவண் அரசின் ஒரு துறைக்கே தலைவரான செபீலியஸுக்கு அவை பொருந்தா.

அமைச்சர் என்பதற்கு உரிய அடையாளம், பொறுப்பு யார் தலையில் விழுகிறது என்பது. 2009 ஏப்ரல் 28 அன்று செனட் அவை 65-க்கு 31 என்ற வாக்குகளில் அவரை ஏற்றது. பன்றிக் காய்ச்சல் பரவத் தொடங்கியிருந்த அந்நாளிலேயே பதவியேற்றார். மறு ஆண்டு மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. அதன்படி மக்கள் காப்பீடு வாங்குவதற்கான இணையதளம் 2013 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்டவுடன் முடங்கியது. முதல் நாளில் பதிவு முடித்தவர்கள் வெறும் 6 பேர். அம்மாத இறுதியில் நாடாளுமன்றக் குழுவின் முன் அமர்ந்து, இக்குளறுபடிக்குத் தாமே பொறுப்பு என்று அவர் சொன்னார். நம் நாட்டில் துறைச் செயலாளர் விளக்கம் அளிப்பார். பழியை ஏற்க வேண்டியவர் அமைச்சர். அவர் ஏற்றார். அடுத்த ஆண்டு ஏப்ரலில், 70 லட்சத்துக்கும் அதிகமானோர் பதிவு செய்திருந்த நிலையில், பதவி விலகுவதாக அறிவித்தார்.

இரு பதவிகளின் வலிமையும் ஒன்றோடொன்று மோதிய இடமும் உண்டு. 2012-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், செபீலியஸின் பெயரையே தாங்கிய வழக்கில், ஏழைகளுக்கான மெடிகெய்ட் திட்டத்தை விரிவாக்குவது மாநிலங்களின் விருப்பம் என்று தீர்ப்பளித்தது. 2017-இல் கான்சாஸ் சட்டமன்றம் அவ்விரிவாக்கத்துக்கு இசைந்தபோது, அதே வீட்டோ அதிகாரத்தால் அதைத் தடுத்தவர் அப்போதைய ஆளுநர் சாம் பிரௌன்பேக்.

துறையின் பெயரையும் 'சுகாதாரம் மற்றும் மனித சேவைகள்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்க்க வேண்டியதில்லை. 'மக்கள் நல்வாழ்வுத் துறை' என்று தமிழ்நாட்டில் புழங்கும் பெயர், மருத்துவத்தையும் எளியோர் நலனையும் சேர்த்தே தாங்கும். எனவே முதலில் கண்ட வாக்கியத்தை இப்படி எழுதலாம்: கான்சாஸ் மாநிலத்தின் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளுநர் கேத்லீன் செபீலியஸ், ஒபாமா அரசில் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சரானார்.